டெட்ராய்ட் தெருவில் உருண்ட பூசணிக்காய்

1

ஆயுத பூஜைக்கு ஒரு பூசணிக்காய் உடைத்த குற்றத்துக்காக டெட்ராய்ட் நகராட்சி என்னை விசாரணைக்கு அழைத்தது. இந்த வருடத்து ஆயுத பூஜையும் வந்து போய்விட்டது. போன வருடத்துக் கதையை ஊர்க்காரர்களுக்கு நானே எழுதிவிடுவது நல்லது. என் அண்ணன் சூசை சொன்னால் அதில் நான் ஜெயிலுக்கே போய்வந்திருப்பேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். என் பெயர் அந்தோணி. பிள்ளைப்பாக்கத்தில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன். ஆனால் பூசணிக்காய் உடைப்பதில் என்னை மிஞ்ச ஒரகடத்தில் ஆள் கிடையாது. அங்கே நான் வேலை பார்த்த, கார்த் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசருக்குத் தோள்பட்டை வலி. ஒரு ஆயுத பூஜையன்று, "அந்தோணி, நீ போடுப்பா" என்று காயை என் கையில் கொடுத்தார். ஒரே போடு. எட்டுத் துண்டு. அன்றிலிருந்து அமெரிக்கா கிளம்பும் வரை அந்தப் பதவி எனக்குத்தான். வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு மாலை போட்டவர்களெல்லாம் சுற்றி நிற்க, கழுத்தில் சிலுவை ஊசலாட நான் சூடம் சுற்றுவேன். யாருக்கும் அதில் வேடிக்கை தெரிந்ததில்லை. பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொன்னேன். "எத்தனை துண்டாச்சு?" என்று கேட்டார்.

2

நான் ஏன் டெட்ராய்ட் நகரத்துக்குள் குடியிருக்கிறேன் என்று இங்கே இருக்கும் தமிழர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நம்மவர்கள் இருப்பது டிராய், நோவை போன்ற புறநகர்களில். அங்கே நல்ல பள்ளிக்கூடம், தோசை மாவு, கொலுவுக்கு அழைப்பு எல்லாம் கிடைக்கும். நகரத்துக்குள் கிடைப்பது நான்தான்.

காரணம் ஒரு பிளெக்ஸ் போர்டு. ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, "ஆசியாவின் டெட்ராய்ட் உங்களை வரவேற்கிறது" என்று யாரோ ஒரு ரியல் எஸ்டேட்காரர் வைத்திருந்தார். கம்பெனி பஸ் வரும்வரை அதைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். எங்கள் நிலம் அதே கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. அது அவர்களுடைய பஸ் நிற்கும் இடமாயிற்று. ஆக, நான் தினமும் பஸ் ஏறிப் போய் எங்கள் சொந்த வரப்பில் இறங்குவேன். இப்படிப்பட்ட ஆளுக்கு அந்த போர்டு கொஞ்சம் மனசில் ஒட்டிக்கொண்டது. நம் ஊருக்கே இரவல் கொடுக்கும் அளவுக்குப் பெயர் வைத்திருக்கும் ஊர் எப்படி இருக்கும்?

கம்பெனி என்னைத் தகடு அடிக்கும் அச்சு வேலைக்காக இங்கே அனுப்பியபோது, முதல் நாளே ஆபீஸில் கேட்டேன், டெட்ராய்ட் எந்தப் பக்கம் என்று. நான் கேட்ட ஆளின் முகம் மாறிவிட்டது. "அங்கே எதற்கு? எட்டாம் மைல் சாலையைத் தாண்டாதே. உயிர் முக்கியம்" என்றார். எட்டாம் மைல் சாலை என்பது நகரத்தின் வடக்கு எல்லை. அதற்கு அந்தப்பக்கம் புறநகர்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊருக்கு வைத்த பெயரப்பா அது! பெயரைக் கொடுத்தவனையே ஊரார் தள்ளிவைத்துவிட்டார்கள் என்றால் பெயரை வாங்கியவனுக்குக் கோபம் வராதா? அந்தக் கோபத்தில் வந்து வீடு பார்த்தேன். செங்கல் வீடு, பெரிய வீடு, விலை டிராய்க்காரர்களின் கார் விலை. வாங்கிவிட்டேன். தண்டலத்திலிருந்து விசா வாங்கி வந்த என் மனைவி ஸ்டெல்லா வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் காலி மனை. மறுபக்கம் பலகை அடித்த வீடு.

"இன்னாங்க, அமெரிக்கான்னு சொல்லி எங்க இட்டாந்து வுட்டுக்கீறீங்க?"

"டெட்ராய்ட்டும்மா. ஒரிஜினல்."

"ஒரிஜினலே இப்பிடின்னா, நம்ம ஊரு டூப்ளிகேட்டு எவ்ளோவோ தேவலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து டிராய் போகலாம் என்பதுதான் எங்கள் வீட்டின் மாலை ஜெபம்.

3

எதிர்வீட்டு டோரதியை இப்போது சொல்லியாக வேண்டும். கார் கம்பெனியில் சீட் தைக்கும் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கறுப்பினப் பெண்மணி. அவள் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் அந்த நீட்டலும் நக்கலும் என் காதில் பிள்ளைப்பாக்கத்துத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன். நம்பாதவர்கள் வந்து கேட்டுப் பார்க்கலாம்.

நான் குடிவந்த வாரத்தில் அவளிடம் கேட்டேன், இந்தத் தெருவில் பாதி ஏன் காலி என்று. ஏதோ மழை பெய்யவில்லை என்பது போன்ற பதிலை எதிர்பார்த்தேன்.

"ஒக்காரு" என்றாள். "பாதிய வுட்டுட்டுப் பாதிய சொன்னா புரியாது."

அவள் அப்பா அலபாமாவிலிருந்து வந்தவர். பருத்திக் காட்டை விட்டு, கார் கம்பெனியில் சம்பளம் தருகிறார்கள் என்று ரயிலேறி வந்தவர்களில் ஒருவர். ஊரெல்லாம் வேலை இருந்தது. ஆனால் கறுப்பர்களுக்கு வீடு என்றால் கிழக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பகுதி. வேறெங்கும் வாடகைக்குக் கிடையாது. கிடைத்தாலும் பேங்க் கடன் கிடையாது. கறுப்பர் இருக்கும் தெருக்களை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, இங்கே பணம் போடாதே என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த நெரிசலுக்குள்ளேயே கடை, சர்ச், பாட்டுக் கச்சேரி, டாக்டர் எல்லாம் முளைத்தன. அவள் அப்பா ஒரு சலூன் வைத்தார். பிறகு நெடுஞ்சாலை வந்தது. ஊரில் போட எத்தனையோ இடம் இருந்தும் சாலை நேராக அந்தப் பகுதியைத்தான் தேடி வந்தது.

"எங்கப்பா முடி வெட்டினுருந்த எடத்துல இப்போ காரு பறக்குது. லெப்ட்டு லேன். நான் அந்தப் பக்கம் போனா ஆரன் அடிச்சிட்டுத்தான் போவேன். அவருக்கு சலாம்."

எனக்கு எங்கள் வரப்பு ஞாபகம் வந்தது. சொன்னேன். "பஸ்ஸு நிக்குதா? உனுக்காவது நிக்குது. எனுக்கு நிக்கக்கூட மாட்டேங்குது" என்றாள்.

இங்கிருந்து சிறிது தூரத்தில் ஒரு சுவர் இருக்கிறது. கறுப்பர் குடியிருப்பையும் வெள்ளையருக்காகக் கட்டவிருந்த குடியிருப்பையும் பிரிக்க எழுப்பியது. இப்போது அதில் குழந்தைகள், வீடு, சோப்புக் குமிழி எல்லாம் ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய டோரதி, நான் வாயைப் பிளப்பேன் என்று எதிர்பார்த்தாள். நான் பிளக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் ஊர், காலனி என்று பிரிக்கச் சுவரெல்லாம் தேவைப்பட்டதில்லை. நடுவே ஒரு ஓடை போதும். சிமென்ட் செலவு மிச்சம். நான் ஓடைக்கு எந்தப் பக்கத்துக்காரன் என்று அவளிடம் சொன்னேன். சுவரில் வரைந்திருந்த சோப்புக் குமிழியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப உனுக்கு வெளக்க வேணாம்" என்றாள்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான். கறுப்பர்கள் மெல்ல நல்ல தெருக்களுக்கு வந்தார்கள். வந்த வேகத்தில் வெள்ளையர்கள் எட்டாம் மைலைத் தாண்டினார்கள். கலவரம் நடந்தது. தாண்டும் வேகம் கூடிற்று. பிறகு கம்பெனிகளும் தாண்டின. வசதி வந்த கறுப்பர்களும் தாண்டினார்கள். வரி கட்ட ஆளில்லாமல் நகரமே திவாலானது. தெருவிளக்கு எரியவில்லை. காலி வீடுகளில் தீ பிடித்தது, அல்லது யாரோ பிடிக்க வைத்தார்கள். நகராட்சி இடித்துத் தள்ளியது. இடித்த இடத்தில் புல். இப்போது நகரத்தின் நடுவில் புதுக் கட்டடங்கள் மினுக்குகின்றன, விளக்குகளும் எரிகின்றன. எங்கள் தெருவுக்கு இன்னும் அந்த மினுக்கு வந்து சேரவில்லை. பஸ் லேட்டாம்.

"நீ ஏன் போகல?" என்று டோரதியைக் கேட்டேன்.

"எல்லாரும் போய்ட்டா எவன் வந்து இன்னா நடந்துச்சுன்னு கேப்பான்? நீ கேட்ட பாரு. அதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

4

போன வருடம் ஆயுத பூஜையன்று காலை நடந்தது இது. இங்கே அந்தச் சமயத்தில் ஹாலோவீன் பண்டிகைக்காகக் கடையெல்லாம் பூசணிக்காய் மலை. நம் ஊர் வெள்ளைப் பூசணி அல்ல. ஆரஞ்சு நிறம். பார்க்க அழகு. ஒன்றை வாங்கி, மேலே ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறையும் திணித்தேன். காரைக் கழுவினேன். டயருக்கு எலுமிச்சம்பழம். சூடம் ஏற்றிச் சுற்றினேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் ரீனா கைபேசியில் வீடியோ எடுத்தாள். பாசத்தில் அல்ல, தோழிகளுக்குக் காட்ட.

"டாட், நைபர்ஸ் எல்லாம் பாக்கறாங்க. ப்ளீஸ் சீக்கிரம்."

"பாக்கட்டுமே. கண்ணு பட்டா அதுக்குத்தானே இது."

தூக்கினேன். பிரஸ் ஷாப் முழுக்கப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஓங்கிப் போட்டேன்.

காய் உடையவில்லை.

இந்த ஆரஞ்சுச் சாதிக்கு இவ்வளவு தடித்த தோல் என்று எனக்குத் தெரியாது. ரோட்டில் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, கீழ்நோக்கி உருள ஆரம்பித்தது. ஓட்டை வழியாகக் குங்குமத்தை நூலாகச் சிந்திக்கொண்டே போயிற்று. நான் பின்னாலேயே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினேன். பார்சல் வேன் ஒன்று திரும்பியது. அதன் முன்சக்கரம் என் வேலையை முடித்துவைத்தது. டோரதியின் வெள்ளை வேலி முழுக்கச் சிவப்பு. காசு சிதறிக் கிடந்தது. பொறுக்க ஒரு பையன்கூட ஓடிவரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இனி நான் செய்த தவறு. அது தவறு என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கம்பெனி கேட்டுக்குக் கேட்டு நசுங்கிய பூசணிக்காய் கிடக்கும். பைக்கில் போகிறவர்கள் வழுக்கி விழுவார்கள், உடைத்தவனைத் திட்டுவார்கள், அவர்கள் உடைத்ததில் வேறு யாராவது விழுந்திருப்பார்கள். உடைத்தவனே பெருக்குவது என்று ஒரு வழக்கம் எங்கள் பக்கம் இல்லவே இல்லை. லாரி ஓடி ஓடி அதுவே போய்விடும். டெட்ராய்ட்டில் எங்கள் தெருவில் ஓட லாரி ஏது? நான் பாட்டுக்கு உள்ளே போய்ப் பொரிகடலை தின்றேன்.

டோரதி ஊரில் இல்லை. திரும்பி வந்தவள், அறுவை சிகிச்சை நடந்த மாதிரி இருந்த வேலியைப் பார்த்து நகராட்சிக்குப் போன் போட்டாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பாள்.

5

நகராட்சியின் அபராதச் சீட்டு என் பெயருக்கு வந்தது. பொது இடத்தில் கழிவைப் போட்டதற்காக என்று எழுதியிருந்தது, புகார் கொடுத்தது எதிர்வீடு என்றும். அபராதத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது, இல்லையென்றால் விசாரணைக்கு வர வேண்டும். தொகையும் பெரிதில்லை. ஆனால் 'கழிவு' என்று இருந்ததல்லவா, அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது.

"கழிவா? பொட்டு வெச்சு, சூடம் சுத்தினத எவனாவது கழிவும்பானா? நான் விசாரணைக்குப் போறேன்."

ஸ்டெல்லா சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். கட்டையைக் கீழே வைத்தாள். அவள் கட்டையைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது.

"சரி போங்க. ஆனா ஒண்ணு. கேஸு தோத்துட்டீங்கன்னா, இந்த வூட்ட வித்துட்டு டிராய் போறோம். ஜெயிச்சுட்டீங்கன்னா நான் சாவறவரைக்கும் டிராய்னு வாயத் தொறக்க மாட்டேன். ரீனா, நீ சாட்சி."

"எனக்கு ஓகே" என்றாள் ரீனா, நான் தோற்கப்போவது உறுதி என்ற முகத்தோடு. அவள் தோழிகள் பாதிப்பேர் டிராயில்.

நான் கைகொடுத்தேன். என் வாய் இருக்கிறதே, அது எப்போதோ என் வீட்டை விற்றிருக்க வேண்டியது. இம்முறை நிஜமாகவே விற்றுவிடும் போலிருந்தது. இரவு அண்ணன் சூசைக்குப் போன் செய்து சொன்னேன். அவர் ஒரகடத்தில் கம்பெனிப் பையன்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவர். அந்த வாரம்தான் அங்கே ஒரு கம்பெனி மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"டேய் அந்தோணி, இங்க ரூம் பையனுங்க பொட்டியக் கட்டினுகீறானுங்க. நான் இன்னா பண்றதுன்னே தெர்ல. நீ இன்னாடான்னா பூசணிக்காய்க்கு வூட்ட பந்தயம் கட்டிகினுகீறே. உங்க ஊர்ல கம்பெனி மூடினப்போ ஜனங்க இன்னாதான்டா பண்ணாங்கோ?"

"பாதிப் பேரு போய்ட்டாங்கண்ணா."

"மீதி?"

"எதிர்வூட்ல கீது. அதுதான் என் மேல கம்ப்ளெயின்ட் குடுத்துக்குது."

6

ஸ்டெல்லாவும் ரீனாவும் பின்னால் வர, விசாரணை அறைக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பட்டன் போடவில்லை, கோட்டுக்கு விருப்பமில்லை. அதிகாரி என் வயதுப் பெண். வலது கையைத் தூக்கி உண்மை சொல்வேன் என்றேன். டோரதி ஏற்கெனவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குற்றவாளி நான்தான் என்று அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. சர்ச் தொப்பிக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு சீட்டு இருந்தது.

நகராட்சியின் சாட்சியம் என் மகளின் வீடியோ. அவள் போட்டதை யாரோ பார்த்து யாருக்கோ அனுப்பி, அது அங்கே வந்து சேர்ந்திருந்தது. பெரிய திரையில் நான் காயைப் போட்டேன், அது துள்ளியது, நான் துரத்தினேன். அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். "இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லி மறுபடியும் போட்டார். சட்டத் தேவைக்கு என்று நம்புகிறேன்.

பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "இது உங்கள் மதச் சடங்கா? ஆமென்றால் நான் இதை வேறு விதமாகப் பார்க்க முடியும்."

வெளியேறும் கதவை அவரே திறந்து வைத்துவிட்டார். நான் தாண்டினால் போதும். பின்னால் ரீனா, "டாட், யெஸ் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள். டிராய் போக ஆசைப்பட்ட பெண்ணே அப்பா ஜெயிக்கட்டும் என்று நினைக்கிறாள், பாருங்கள்.

ஆனால் திரையில் படம் உறைந்து நின்றிருந்தது. அதில் என் கார்க் கண்ணாடியில் ஜெபமாலை தொங்குவது பளிச்சென்று தெரிந்தது. மாதாவையும் வைத்துக்கொண்டு எப்படி ஆமென்பது?

"இல்லைங்க. நான் கத்தோலிக்கன்."

"அப்படியானால் ஏன் இதைச் செய்தீர்கள்?"

கேட்கிறார்களே என்று அப்போதுதான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் பிரஸ் ஷாப்பில் மெஷின்கள் வருடம் முழுக்க எங்களை ஆட்டிவைக்கும். அது வேகம் என்றால் நாங்கள் வேகம். அது நின்றால் திட்டு எங்களுக்கு. சில பேரின் விரலை அது தின்றிருக்கிறது. வருடத்தில் ஒரே ஒரு நாள் நாங்கள் அதை நிறுத்துவோம். துடைத்துப் பொட்டு வைப்போம். அன்றைக்கு மட்டும் நாங்கள் சொன்னபடி அது சும்மா இருக்கும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் ஒன்றாக நின்று பொரி தின்போம். மேனேஜர் எங்களுக்குப் பரிமாறுவார். அந்த ஒரு நாளை நான் விட மாட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் விட மாட்டேன். அபராதம் போட்டாலும் அடுத்த வருடமும் உடைப்பேன்.

கடைசி வரியை அவர் கேட்கவே இல்லை. வாய், என்ன செய்வது?

டோரதி எழுந்தாள்.

"எங்க லைன்ல ஒரு மாடலு முடியறப்போ, கடைசி வண்டி சீட்டுக்கு அடியில எல்லாரும் பேரு எழுதுவோம். போர்மேன் பாத்தா சீட்டு கிழியும், எங்க சீட்டும் சேத்து. ஆனாலும் எழுதுவோம். அதனால இவன் சொல்றது எனுக்கு வெளங்குது." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "அத்த வுடு. இத்த சொல்லு. நீ பெருக்கினியா, இல்லியா?"

"இல்லை."

"எட்டாம் மைலுக்கு அந்தாண்டருந்து வண்டி வண்டியா கொண்டாந்து பழைய டயரு, மெத்தை எல்லாத்தையும் எங்க காலி மனையில கொட்டிட்டுப் போறானுங்க. அவனுங்க தெருவுல கொட்டுவானா? இங்க கேக்க ஆளில்லேன்னு நெனப்பு. நான் கேக்கறேன். எவனா இருந்தாலும் கேப்பேன். இவன் நல்லவன்தான். ஆனா பெருக்கல."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதிகாரி தீர்ப்பைச் சொன்னார். குற்றம் நிரூபணம். அபராதத்தைக் குறைத்தார். "தெரு எல்லாருக்கும் சொந்தம். உங்கள் சொந்த மண்ணில் நீங்கள் எதை வேண்டுமானாலும் உடைத்துக்கொள்ளலாம். பிறகு பெருக்குங்கள்" என்றார்.

தோற்றேன்.

வெளியே வந்தோம். டோரதி பின்னாலேயே வந்தாள். பந்தயத்தை ரீனா அவளிடம் உளறியிருந்தாள்.

"அப்ப நீங்களும் டிராய்க்குப் போறீங்க." தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "எனுக்கொண்ணும் புதுசில்ல. எங்க தெருவுலருந்து போனவன் ஒவ்வொருத்தனும் ஒரு சாக்கு சொல்லிட்டுத்தான் போனான். ஒருத்தன் ஸ்கூலுன்னான். ஒருத்தன் திருட்டுன்னான். ஒருத்தன் எம்மவளுக்குக் காத்து ஒத்துக்கலன்னான். பூசணிக்காய்னு சொல்லிட்டுப் போறது நீங்கதான் மொதோ ஆளு. நல்லாருங்க."

ஸ்டெல்லாவின் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். ஆனால் நக்கல் எந்த மொழியில் வந்தாலும் அவளுக்கு முழுசாகப் புரியும். முகம் சிவந்தது.

"யாரு போறா?" என்றாள், தமிழிலேயே.

"நீதானேம்மா சொன்னே, தோத்தா..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. பந்தயம் உங்களுக்கும் எனுக்கும். நடுவுல இந்தம்மா ஏன் நம்மள ஓடற கூட்டத்துல சேக்குது? சாக்கு சொல்லிட்டு ஓடற ஜாதியா நானு? ரீனா, சொல்லு இவங்களுக்கு. நாங்க எங்கியும் போகலன்னு சொல்லு. எங்கம்மா சொல்றாங்கன்னு சொல்லு."

ரீனா சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் தன் அம்மா பேசியதை ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை. கைகூட அம்மா மாதிரியே ஆட்டினாள். டோரதி தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள்.

காரில் ஏறியதும் ஸ்டெல்லா கேட்டாள்: "சொந்த மண்ணுல ஒடச்சா கேஸு இல்லன்னுதானே அந்த ஆபீசரம்மா சொன்னாங்கோ?"

"ஆமாம்."

"நம்ம வூட்டுப் பக்கத்து மனை யாருது?"

7

அது நகராட்சியுடையது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொற்ப விலையில் கொடுக்கிறார்கள். அதை வாங்க ஸ்டெல்லா என்னை எத்தனை கவுன்டருக்கு ஓட்டினாள் என்பதைத் தனியாக எழுதினால் அழுதுவிடுவேன். ஒரு கவுன்டரில் அப்பா பெயரை என் பெயராகவும், என் பெயரை அப்பா பெயராகவும் பதிந்துகொண்டார்கள். இரண்டு மாதம் அந்த மனைக்குச் சொந்தக்காரர் செத்துப்போன என் அப்பா. நிலம் போனவருக்கு அமெரிக்காவில் நிலம் வந்ததை நினைத்து நான் அதை உடனே திருத்தச் சொல்லவில்லை.

ரீனா இன்னும் டிராய்த் தோழிகளைப் பற்றிப் பேசுகிறாள். காலேஜுக்கு எங்கேயோ தூரம் போவாள். போகட்டும். ஆனால் அவள் தோழிகள் இங்கே வந்தபோது, அந்தச் சுவர் எங்கே, சலூன் இருந்த லேன் எது என்றெல்லாம் அவள் கூட்டிப்போய்க் காட்டினாள். ஆரன் அடித்துவிட்டுத்தான் வந்தாளாம்.

இந்த வருடம் ஆயுத பூஜை எங்கள் சொந்த மனையில். என் கார், ஸ்டெல்லாவின் தையல் மெஷின், ரீனாவின் லேப்டாப், டோரதியின் பழைய வண்டி எல்லாம் பொட்டு வைத்து வரிசையாக நின்றன. சூசை அண்ணன் வீடியோவில் வந்தார். அங்கே கம்பெனி மூடிவிட்டது. வேலை போன பையன்கள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் ரூமைக் காலி செய்யச் சொல்லாமல் பையன்களுக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாடா, வூட்ட வித்துட்டியா?"

"இல்லண்ணா. பக்கத்து மனையும் வாங்கிட்டோம்."

"அட கிறுக்குப் பயலே" என்றார். அவர் குரலில் இருந்தது திட்டு இல்லை.

சூடம் சுற்றினேன். டோரதி நீளமான துடைப்பத்தோடு வந்து நின்றாள். "மொதல்ல இத்தப் பாத்துக்க. அப்பறம் ஒடை" என்றாள். பார்த்துக்கொண்டேன். தூக்கி, பிரஸ் ஷாப்பையும் பந்தலையும் மனதில் நிறுத்தி, ஓங்கிப் போட்டேன்.

இந்த வருடமும் உடையவில்லை. துள்ளியது. மனையின் குறுக்கே நகராட்சி ரோட்டை நோக்கி உருண்டது. ஸ்டெல்லா கத்தினாள், ரீனா வீடியோவை நிறுத்தாமலே ஓடினாள், கைபேசிக்குள் அண்ணன் "புடி, புடி" என்றார். விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் டோரதி துடைப்பத்தைக் குறுக்கே போட்டாள். காய் முட்டி நின்றது. அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"இந்தத் தெருவ வுட்டு இனிமே எதுவும் ஓடாது. கொண்டா சுத்தியல."